கலாக்ஷேத்ரா ருக்மிணி தேவி... வாயில்லா ஜீவன்களுக்குச் சட்டம் கேட்ட கதை!

பெண்ணாடம். இந்த ஊர்ப் பெயரை எப்போதாவது பிரித்துப் பார்த்திருக்கிறீர்களா? பழைய பெயர் பெண்ணாகடம். பெண் + ஆ + கடம். ஆ என்றால் பசு, கடம் என்றால் இங்கே யானை.

தலபுராணம் சொல்லும் கதை இதுதான். இந்திரன் பூஜைக்குப் பூப்பறித்து வரச்சொல்லி தேவகன்னியரை அனுப்புகிறான். அவர்கள் இந்த ஊர்ச் சிவனைப் பார்த்ததும் இங்கேயே தங்கிவிடுகிறார்கள். என்னாச்சு என்று பார்த்துவர காமதேனுவை அனுப்புகிறான். அதுவும் திரும்பவில்லை. கடைசியாக ஐராவதம் வருகிறது. அதுவும் இங்கேயே நின்றுவிடுகிறது. இன்றைக்கும் பிரளயகாலேஸ்வரர் கோயில் கருவறை விமானத்தைப் பின்னாலிருந்து பார்த்தால் ஒரு யானை படுத்திருக்கிற மாதிரியே இருக்கும். தூங்கானை மாடம் என்று பெயர்.

யோசித்துப் பாருங்கள். அனுப்பினவன் வீட்டுக்குத் திரும்பாத ஒரு மாடும் ஒரு யானையும் சேர்ந்துதான் இந்த ஊருக்கே பெயர் வைத்திருக்கின்றன!

புராணத்தில் வீடு திரும்பாத மாட்டுக்குக் கோயிலில் இடம் கிடைத்தது. நிஜத்தில்? ராத்திரி விருத்தாசலம் ரோட்டில் பைக்கில் வருகிறீர்கள். ஹெட்லைட் வெளிச்சத்தில் நடுரோட்டில் படுத்திருக்கும் மாடு. ரயில்வே ஸ்டேஷன் வாசலில் நாலைந்து நாய்கள். பக்கத்தில் யாரோ அட்டைப்பெட்டியில் வைத்துவிட்டுப் போன குட்டிகள். போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வைக்கிறீர்கள். 'யாராவது காப்பாத்துங்க' என்று நாலு பேர் பதில் போடுகிறார்கள். அந்த 'யாராவது' யார்?

இந்தக் கேள்விக்கு நாட்டின் சட்டப் புத்தகத்திலேயே ஒரு பதிலை எழுத வைத்தவர், நீங்கள் பரதநாட்டியத்தோடு மட்டும் சேர்த்து நினைவில் வைத்திருக்கும் ஒரு பெண். ருக்மிணி தேவி அருண்டேல்.

விலை இருந்தால் பவுண்டு, இல்லாவிட்டால் வண்டி

அவர் கதைக்குப் போகும் முன்னால், அவருக்கு முன் நிலைமை எப்படி இருந்தது என்று பார்த்துவிடுவோம்.

உங்கள் தாத்தா பாட்டியிடம் பவுண்டு என்று சொல்லிப் பாருங்கள். உடனே புரிந்துகொள்வார்கள். அடுத்தவர் வயலில் மேய்ந்த கொண்டி மாட்டைப் பிடித்துப் போய் அடைக்கிற இடம். சில ஊர்களில் பட்டி என்பார்கள். இதற்காகவே வெள்ளைக்காரர்கள் 1871-ல் ஒரு சட்டம் போட்டார்கள். கால்நடை அத்துமீறல் சட்டம். மாட்டுக்காரர் அபராதமும் தீனிச் செலவும் கட்டினால் மாட்டை ஓட்டிக்கொண்டு போகலாம். 7 நாளில் யாரும் வரவில்லையென்றால் போலீஸ் ஸ்டேஷனுக்குத் தகவல் போகும், நோட்டீஸ் ஒட்டுவார்கள். அதிலிருந்து இன்னும் 7 நாள் பார்ப்பார்கள். அப்புறம் ஏலம்.

அந்தச் சட்டத்தில் கால்நடை என்றால் என்னென்ன என்று ஒரு பட்டியலே இருக்கிறது. மாடு, எருமை, குதிரை, கழுதை, பன்றி, ஆடு, ஒட்டகம்... ஏன், யானைகூட உண்டு. பெண்ணாடத்து ஐராவதம் 1871-க்குப் பிறகு வந்திருந்தால் அதையும் பவுண்டில் அடைத்திருப்பார்கள்! ஆனால் அந்தப் பட்டியலில் நாய் கிடையாது, பூனை கிடையாது.

காரணம் சிம்பிள். மாட்டுக்கு விலை உண்டு. அது தின்ற பயிருக்கும் விலை உண்டு. எனவே அடைத்துவைத்து வசூல் பண்ணலாம். தெருநாயை ஏலம் போட்டால் யார் எடுப்பார்கள்? நாய்க்கு வேறு வழி வைத்திருந்தார்கள். நாய் வண்டி. மதராஸில் நாயைப் பிடித்துக் கொல்லும் வேலை 1860-லேயே ஆரம்பித்துவிட்டதாகப் புளூ கிராஸ் அமைப்பினர் சொல்கிறார்கள்.

ஆக, ஒரு விலங்கை நகரம் என்ன செய்யும் என்பதை அதன் விலைதான் தீர்மானித்தது. அதற்கு வலிக்குமா, பசிக்குமா என்பதெல்லாம் கணக்கிலேயே இல்லை. 1890-ல் விலங்கு வதைத் தடுப்புக்கென்று ஒரு சட்டம் வந்தது. ஆனால் அது பெரும்பாலும் நகராட்சி எல்லைக்குள் மட்டும் செல்லுபடியானது. எந்தக் கொடுமையெல்லாம் குற்றம் என்ற பட்டியலும் சின்னது. பெண்ணாடம் மாதிரி ஊர்களில் ஒரு வண்டிமாட்டை அடித்து நொறுக்கினாலும் கேட்க நாதியில்லை.

இந்தக் கணக்கில் வலியையும் சேர்க்கணும் என்று டெல்லியில் எழுந்து நின்றவர்தான் நம் கதாநாயகி.

நாலு வருஷத்துக்கு ஒரு பிறந்தநாள்

1904 பிப்ரவரி 29. மதுரையில் பிறந்தார் ருக்மிணி. ஆமாம், லீப் வருஷப் பிறந்தநாள். அப்பா நீலகண்ட சாஸ்திரி பொதுப்பணித் துறையில் இன்ஜினீயர். பிரம்மஞான சபையில் ஈடுபாடு உள்ளவர். ஓய்வு பெற்றதும் குடும்பத்தோடு சென்னை அடையாறுக்கு வந்துவிட்டார். சபையின் தலைமையகமும், ஆற்றங்கரையும், பெரிய ஆலமரமும் அங்கேதான். அன்னி பெசன்ட் அம்மையார் அங்கே இருந்தார். எல்லா உயிரும் ஒன்று, மாமிசம் வேண்டாம் என்கிற பேச்சு சாப்பாட்டு வேளையிலும் நடக்கிற சூழல் அது. ருக்மிணி அதிலேயே வளர்ந்தார்.

1920-ல் மதராஸே வாயைப் பிளந்த மாதிரி ஒரு கல்யாணம். மாப்பிள்ளை ஜார்ஜ் அருண்டேல், இங்கிலாந்துக்காரர். ருக்மிணிக்கு 16 வயது, அவருக்கு 41. ஒரு பிராமணப் பெண் வெள்ளைக்காரரைக் கல்யாணம் செய்வதா என்று பத்திரிகையிலும் திண்ணையிலும் ஒரே அமளி. இன்றைய கண்ணால் பார்த்தால் அந்த வயது வித்தியாசமே உங்களுக்கு உறுத்தும். உறுத்தணும்தான். ஆனால் ஊரே ஒரு பக்கம் நின்று திட்டும்போது தன் பக்கம் நின்று பழகியது அந்தப் பதினாறு வயதில்தான். பின்னாளில் அது நிறையவே தேவைப்பட்டது.

நடனக் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும், வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 1928-ல் ரஷ்ய பாலே நட்சத்திரம் அன்னா பாவ்லோவாவின் பழக்கம் கிடைக்கிறது. உன் நாட்டு நடனத்தைத் தேடு என்று அவர் கைகாட்டுகிறார். 1933-ல் மியூசிக் அகாடமியில் சதிர் பார்க்கிறார் ருக்மிணி. மயிலாப்பூர் கௌரி அம்மாளிடமும் பிறகு பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடமும் கற்கிறார். 1935 டிசம்பர் கடைசியில் அடையாறில் மேடை ஏறுகிறார். மறுபடி ஊரே அமளி. 1936-ல் கலாக்ஷேத்ரா பிறக்கிறது.

இதில் இன்னொரு பக்கமும் உண்டு. தலைமுறை தலைமுறையாக அந்தக் கலையை வளர்த்த தேவதாசி மரபுப் பெண்கள் ஓரங்கட்டப்பட்ட காலமும் அதுவேதான். ருக்மிணி தேவி சிருங்காரத்தைக் குறைத்துக் கலையை மாற்றிவிட்டார் என்ற விமர்சனம் அப்போதே எழுந்தது, இன்றைக்கும் இருக்கிறது. அதைச் சொல்லாமல் விட்டால் கதை முழுசாகாது. 1945-ல் கணவர் இறந்துபோனார். ருக்மிணிக்கு அப்போது 41 வயது.

ராஜ்யசபாவில் ஒரு தனி மசோதா

1952. சுதந்திர இந்தியாவின் முதல் ராஜ்யசபா. கலை, அறிவியல், இலக்கியத்தில் பெயர் பெற்றவர்களை ஜனாதிபதி நியமிப்பார் இல்லையா, அந்த முதல் பட்டியலில் விஞ்ஞானி சத்யேந்திரநாத் போஸ் இருந்தார், நடிகர் பிருத்விராஜ் கபூர் இருந்தார். ருக்மிணி தேவியும் இருந்தார். ராஜ்யசபாவுக்கு நியமிக்கப்பட்ட முதல் பெண் அவர்தான்.

நாட்டியக்கார அம்மா என்ன பேசுவார்? கலைக்கு நிதி கேட்பார், சபா கட்ட நிலம் கேட்பார் என்றுதான் எல்லோரும் நினைத்திருப்பார்கள். அவர் கொண்டுவந்தது விலங்கு வதைத் தடுப்பு மசோதா. 1953-ல், தனிநபர் மசோதாவாக.

தனிநபர் மசோதா என்றால் அரசாங்கம் கொண்டுவராமல் ஒரு உறுப்பினர் தானே எழுதிக் கொண்டுவருவது. அப்படி வருவதில் பெரும்பாலானவை சட்டமாகாமலே போய்விடும். காலத்தையும் நினைத்துப் பாருங்கள். பிரிவினை நடந்து ஆறு வருஷம்கூட ஆகவில்லை. மனுஷனுக்கே ரேஷன் அரிசிதான். இந்த நேரத்தில் மாடு, நாய், குரங்கு பற்றிப் பேசினால் எப்படிப் பார்ப்பார்கள்? அவர் பேசினார். 1954-ல் மசோதா விவாதத்துக்கு வந்தபோது அவையே கூர்ந்து கேட்டது.

பிரதமர் நேரு எழுந்தார். நோக்கம் அவருக்குச் சம்மதம். ஆனால் ஆராய்ச்சிக்கூடம், விவசாயம், இறைச்சிக்கூடம் என்று பல விஷயங்கள் இதில் சிக்கியிருக்கின்றன. அரசாங்கமே ஒரு குழு போட்டு முழுமையான சட்டம் கொண்டுவரும் என்று உறுதி கொடுத்தார். ருக்மிணி தேவி மசோதாவைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்.

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். நீங்கள் அந்த இடத்தில் இருந்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? ஒரு எழுத்தும் மாறக்கூடாது என்று பிடிவாதம் பிடித்தால் மசோதா தோற்றிருக்கும், நல்ல பெயர் மிஞ்சியிருக்கும். விட்டுக்கொடுத்தால் சட்டம் வரலாம், ஆனால் அது முழுக்க அவர் கேட்ட சட்டமாக இருக்காது. அவர் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தார். அதற்கு ஆறு வருஷம் காத்திருக்கவேண்டி வந்தது. 1960 டிசம்பரில் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் நிறைவேறியது.

சட்டத்தில் என்ன இருக்கிறது?

போனில் தேடினால் முழுச் சட்டமும் கிடைக்கும். ஆனால் நம் விஷயத்துக்கு வேண்டிய நாலு சங்கதியை மட்டும் இங்கே சொல்கிறேன்.

ஒன்று, கைவிடுவது குற்றம். பசியிலும் தாகத்திலும் தவிக்கும் நிலையில் ஒரு விலங்கை நியாயமான காரணமில்லாமல் விட்டுவிட்டுப் போனால் 11-வது பிரிவின்படி நீங்கள் குற்றவாளி. நோய்வாய்ப்பட்ட, நடக்கமுடியாத மாட்டைத் தெருவில் சாகவிடுவதும் குற்றம். அந்த அட்டைப்பெட்டிக் குட்டிகளை நினைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு, மீட்ட விலங்குக்கு ஒரு இடம். வழக்கில் சிக்கிய விலங்கை வைத்துப் பராமரிக்க மாநில அரசு காப்பிடங்களை நியமிக்கலாம். மாஜிஸ்ட்ரேட் அதை பிஞ்சராபோல் மாதிரி இடங்களுக்கும் அனுப்பலாம். சென்னை அயனாவரத்தில் அப்படியொரு பிஞ்சராபோல் நூறு வருஷத்துக்கும் மேலாக இருக்கிறது. அங்கே ஆகும் தீனிச் செலவு உரிமையாளர் தலையில். பழைய பவுண்டிலும் செலவு உரிமையாளருக்குத்தான். ஆனால் அங்கே மாடு ஒரு ஜாமீன் பொருள். இங்கே அது அடிபட்ட தரப்பு. வித்தியாசம் புரிகிறதா?

மூன்று, தண்டனை. முதல் தடவை 50 ரூபாய் வரை அபராதம். 1960-ல் அது ஒரு தொகை. இன்றைக்கு ஒரு டீக்கும் வடைக்கும்தான் சரியாக இருக்கும். அறுபது வருஷம் தாண்டியும் அந்த எண் அப்படியே நின்றது.

நான்காவதுதான் நெருடுகிற சங்கதி. எது குற்றமில்லை என்று ஒரு விதிவிலக்குப் பட்டியலும் அதே 11-வது பிரிவில் இருக்கிறது. அதில் ஒன்று, தெருநாய்களைக் கொல்லும் அறையில் வைத்து அழிப்பது.

ஆமாம். வாயில்லா ஜீவன்களுக்காக அவர் போராடிப் பெற்ற சட்டமே தெருநாய்க்கு வாசல்வரை வந்து நின்றுவிட்டது. எந்த அரசாங்கமும் அப்போது அந்த வரியை எடுக்கத் துணிந்திருக்காது. ஏன் என்று கேட்டால் ஒரே வார்த்தை. வெறிநாய்க்கடி. ரேபிஸ் அறிகுறி தெரிந்துவிட்டால் ஆளைக் காப்பாற்றுவது கிட்டத்தட்ட முடியாத காரியம். பிள்ளையை அதற்குப் பறிகொடுத்த ஒரு வீட்டில் போய்க் கருணை பற்றிப் பேசிப் பாருங்கள். அந்தப் பயம் பொய் இல்லை. அதற்கு அன்றைக்கு நகரங்கள் கண்ட தீர்வுதான் தப்பு.

ஜனாதிபதி நாற்காலியா... வேண்டாமே!

சட்டம் வந்ததும் வேலை முடிந்தது என்று அவர் கலாக்ஷேத்ராவுக்குத் திரும்பிவிடவில்லை. அந்தச் சட்டத்தின் கீழ் 1962-ல் இந்திய விலங்கு நல வாரியம் அமைந்தது. முதல் தலைவர் ருக்மிணி தேவி. மத்திய அரசின் வாரியம் என்றால் டெல்லியில்தானே இருக்கணும்? இது சென்னையில் இருந்தது. 2018 வாக்கில்தான் ஹரியானாவுக்கு மாறியது. சாகும்வரைக்கும் அந்த வாரியத்தோடுதான் இருந்தார்.

திருவான்மியூர் மரத்தடியில் பிள்ளைகளுக்கு அடவு. இன்னொரு பக்கம் கசாப்புக்குப் போகிற மாட்டுலாரி, ஆராய்ச்சிக்கூடக் குரங்கு, பவுண்டு, நாய் வண்டி பற்றின கோப்புகள். இரண்டு வாழ்க்கை மாதிரித் தெரியும். உண்மையில் ஒன்றுதான். கலை மனசை மென்மையாக்கணும், மென்மையான மனசு உயிர்களைப் பார்க்கணும் என்பதுதான் அவர் நம்பிக்கை.

1977-ல் ஒரு திருப்பம். ஜனாதிபதி ஃபக்ருதீன் அலி அகமது பதவியில் இருக்கும்போதே இறந்துபோனார். பிரதமர் மொரார்ஜி தேசாய், அடுத்த ஜனாதிபதியாக ருக்மிணி தேவியை நிறுத்த விரும்பினார். சம்மதித்திருந்தால் பிரதிபா பாட்டீலுக்கு முப்பது வருஷம் முன்னாலேயே ஒரு பெண், அதுவும் ஒரு தமிழ்ப் பெண், ராஷ்டிரபதி பவனுக்குப் போயிருக்கலாம். அவர் வேண்டாம் என்றுவிட்டார். நீலம் சஞ்சீவ ரெட்டி ஜனாதிபதி ஆனார். ருக்மிணி தேவி தன் பள்ளிக்கும் தன் கோப்புகளுக்கும் திரும்பிப் போனார்.

அடுத்த வருஷமே மொரார்ஜி அரசு ஆராய்ச்சிக்காகக் குரங்குகளை ஏற்றுமதி செய்வதைத் தடை செய்தது. அவரைப் போன்றவர்கள் பல காலமாகக் கேட்டுக்கொண்டிருந்த விஷயம் அது.

அவர் ஊரிலேயே ஓடிய நாய் வண்டி

இப்போது கொஞ்சம் கசப்பான பகுதி.

நாட்டின் விலங்கு நல வாரியம் இருந்த அதே சென்னையில் மாநகராட்சி நாய் வண்டி ஓடிக்கொண்டுதான் இருந்தது. சுருக்குப் போட்டுப் பிடிப்பது, கொண்டுபோய்க் கொல்வது. அதற்கு எதிராக அதே ஊரில் வேறு சிலரும் கிளம்பினார்கள். 1959-ல் ஒரு மழை நாள். தி.நகரில் காரில் போய்க்கொண்டிருந்த விமானி கேப்டன் சுந்தரம், வெள்ளத்தில் தத்தளித்த இரண்டு நாய்க்குட்டிகளைத் தூக்கி வீட்டுக்குக் கொண்டுவந்தார். புளூ கிராஸ் பிறந்தது அப்படித்தான். 1964-லிருந்தே அவர்கள் ஒன்றைச் சொல்லிவந்தார்கள். கொல்லாதீர்கள், பிடித்துக் கருத்தடை செய்து, தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே விடுங்கள்.

இதில் கருணை மட்டும் இல்லை, கணக்கும் இருக்கிறது. ஒரு தெருவில் பத்து நாய் வாழ்கிறதென்றால் அங்கே பத்து நாய்க்கான சாப்பாடு கிடக்கிறது என்று அர்த்தம். குப்பைத்தொட்டி, கறிக்கடைக் கழிவு, ஹோட்டல் மிச்சம். பத்தையும் பிடித்துப்போனால் அந்தச் சாப்பாட்டுக்குப் பக்கத்துத் தெரு நாய்கள் வரும், குட்டி போடும். கொஞ்ச நாளில் மறுபடி பத்து. ஆனால் இப்போது வந்தவை தடுப்பூசி போடாத, ஊர் பழகாத நாய்கள். கருத்தடை செய்து ஊசி போட்ட நாய் அங்கேயே இருந்தால் புதிய நாயை விடாது, குட்டியும் போடாது. மெதுவாக எண்ணிக்கை குறையும், ரேபிஸும் குறையும். ஒரே நிபந்தனை, அரைகுறையாகச் செய்யக்கூடாது. ஊரில் பெரும்பாலான நாய்களுக்குச் செய்தால்தான் பலன்.

மாநகராட்சி இதைக் காதில் போட்டுக்கொள்ள முப்பது வருஷத்துக்கும் மேல் ஆனது. புளூ கிராஸ் சொல்லும் கணக்குப்படி 1996 வாக்கில் சென்னையில் ஒரு நாளைக்கு 135 நாய்கள்வரை கொல்லப்பட்டன. அந்த வருஷம்தான் மாநகராட்சி கருத்தடைத் திட்டத்துக்கு மாறியது. இன்றைக்கு புளியந்தோப்பு, லாயிட்ஸ் காலனி, கண்ணம்மாபேட்டை என்று இடங்களில் மாநகராட்சியின் கருத்தடை மையங்கள் நடக்கின்றன.

ருக்மிணி தேவி அதைப் பார்க்கவில்லை. பத்து வருஷம் முன்னாலேயே, 1986 பிப்ரவரி 24 அன்று, 82 வயது நிறைய ஐந்து நாள் இருக்கும்போது இறந்துபோனார்.

ஆனால் கதையில் ஒரு நல்ல முடிச்சு இருக்கிறது. 2001-ல் மத்திய அரசு நாடு முழுக்க நாய்களுக்கான கருத்தடை விதிகளைக் கொண்டுவந்தது. எந்த அதிகாரத்தில்? அதே 1960 சட்டத்தின் 38-வது பிரிவு கொடுத்த அதிகாரத்தில். தெருநாயை வாசலிலேயே நிறுத்திய அதே சட்டத்துக்குள் ஒரு ஜன்னலும் இருந்தது. நாற்பது வருஷம் கழித்து நாய்கள் அந்த ஜன்னல் வழியாக உள்ளே வந்தன. 1954-ல் அவர் பிடிவாதம் பிடித்து மசோதா தோற்றிருந்தால், அந்த ஜன்னலே இருந்திருக்காது.

இன்றைக்கு?

பிரச்னை தீர்ந்துவிடவில்லை. நீங்களே ரீல்ஸில் பார்த்திருப்பீர்கள். 2025 ஆகஸ்ட்டில் டெல்லித் தெருநாய்கள் எல்லாவற்றையும் காப்பகத்தில் அடைக்கச் சொன்னது உச்ச நீதிமன்றம். நாடே இரண்டாகப் பிரிந்து சண்டை போட்டது. பதினொரு நாளில் அந்த உத்தரவு திருத்தப்பட்டது. வெறிபிடித்த, மூர்க்கமான நாய்களைத் தவிர மற்றவற்றைக் கருத்தடை செய்து, ஊசி போட்டு, பழைய இடத்திலேயே விடலாம் என்றார்கள். நவம்பரில் இன்னொரு உத்தரவு. பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, பஸ் ஸ்டாண்ட், ரயில்வே ஸ்டேஷன் மாதிரி இடங்களில் பிடித்த நாய்களைத் திரும்ப அங்கே விடக்கூடாது, காப்பகத்தில் வைக்கணும். அப்படியென்றால் அத்தனை காப்பகம் வேண்டும், டாக்டர் வேண்டும், தீனிக்குப் பணம் வேண்டும். பேரூராட்சிவரைக்கும் இந்தக் கேள்வி இறங்கி வந்துவிட்டது.

மாடும் அப்படித்தான். 2023-ல் சென்னை அரும்பாக்கத்தில் பள்ளி விட்டு வந்த ஒரு சிறுமியை மாடு முட்டித் தூக்கிய வீடியோவை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அதற்குப் பிறகு 2,000 ரூபாயாக இருந்த அபராதம் 5,000 ஆனது. 2024-ல் முதல் தடவைக்கு 10,000, அடுத்த தடவைக்கு 15,000. பிடிபட்ட மாடுகள் பெரம்பூர், புதுப்பேட்டைத் தொழுவங்களுக்குப் போகின்றன. 1871-ன் பவுண்டு இன்னும் சாகவில்லை. பால் வற்றிய மாட்டை மீட்க யார் 10,000 கட்டுவார்கள் என்ற கேள்வியும் சாகவில்லை. பழைய விலைக் கணக்கு கொல்லைப்புறம் வழியாகத் திரும்பி வருகிறது பாருங்கள்.

அவர் கேட்ட சட்டம் இருக்கிறது. அதை நடத்துவதற்குத்தான் ஆள் வேண்டும். உங்களால் முடிந்தது சில உண்டு.

* தெருநாயின் காதைப் பாருங்கள். நுனியில் வெட்டு இருந்தால் அது கருத்தடை ஆன நாய். உங்கள் தெருவில் எத்தனைக்கு வெட்டு இல்லை என்று எண்ணுங்கள். பேரூராட்சியிலோ நகராட்சியிலோ அந்த எண்ணோடு மனுக் கொடுங்கள். நாய்த் தொல்லை என்று மட்டும் எழுதினால் அடுக்கில் போய்விடும். எண் இருந்தால் பதில் சொல்லியாகணும்.
* கடித்துவிட்டால் உடனே ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிஷம் கழுவுங்கள். அப்புறம் அரசு மருத்துவமனை. ஊசியை ஒரு தவணைகூட விடாதீர்கள். மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் வேண்டாம்.
* வளர்க்கமுடியாத நாயை ஊருக்கு வெளியே கொண்டுபோய் விடாதீர்கள். வேறு வீடு தேடுங்கள். கைவிடுவது குற்றம் என்று இப்போது உங்களுக்குத் தெரியும். அந்தக் குட்டி வாங்கும் முன்னாலேயே இதை யோசித்துவிட்டால் இன்னும் நல்லது.
* ரோட்டில் மாட்டை விடுகிறவர் பெரும்பாலும் உங்களுக்குத் தெரிந்தவராகத்தான் இருப்பார். வீடியோ எடுக்கும் முன் ஒரு தடவை நேரில் போய்ப் பேசுங்கள்.

பெண்ணாடத்தின் கீழே ஒரு வடலூரும் இருக்கிறது, விருத்தாசலம் தாண்டினால் வந்துவிடும். 1867-ல் வள்ளலார் மூட்டிய அடுப்பு இன்னும் அணையவில்லை. ஜீவகாருண்யம் என்ற வார்த்தையைக் கடலூர் மாவட்டத்துக்குப் புதிதாக யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ருக்மிணி தேவி செய்ததெல்லாம் அந்த வார்த்தையை மனசிலிருந்து எடுத்துச் சட்டப் புத்தகத்தில் போட்டதுதான். நினைத்தபோது வருகிற இரக்கம் நினைத்தபோது போய்விடும். பிரிவும் உட்பிரிவுமாக எழுதிவைத்தால் நாம் தூங்கும்போதும் அது வேலை செய்யும்.

அடுத்த லீப் வருஷம் 2028. பிப்ரவரி 29 வரும்போது கலாக்ஷேத்ராவில் சலங்கை கட்டி அவரை நினைப்பார்கள். நீங்கள் பெண்ணாடம் ஸ்டேஷன் வாசலில் நின்று அந்த நாய்களின் காதுகளை ஒரு தடவை எண்ணிப் பாருங்கள். வெட்டில்லாத காது ஒன்றும் இல்லையென்றால், அதுவும் அவருக்கான மரியாதைதான்.